திரும்பினால் வேறு மாடு

ஜூலைக் குளிரில்
தாக்குவாரெம்போ நகர மண்டபத்தில்
சனிக்கிழமைப் பயிற்சி.
மொண்டேவிடேயோவிலிருந்து வந்த பெண்
திரையில் ஒரு மூளையைக் குறுக்காக வெட்டிக் காட்டினாள்.
ஹீட்டர் ஒன்றுதான், அதுவும் அவள் பக்கம்.
நான் மாத்தே உறிஞ்சிக்கொண்டு
அடுத்த வார விறகுக்கு யாரைப் பிடிப்பது என்று
யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சொன்னாள்:
இடப்பக்கம் பார்த்த சிறுத்தையும்
வலப்பக்கம் பார்த்த சிறுத்தையும்
ஒரே சிறுத்தை.
இது புரியாதவர்களுக்குப்
பேரப்பிள்ளைகள் பிறக்கவில்லை.

எல்லோரும் சிரித்தார்கள்.
எனக்கு விறகு மறந்துபோனது.

ஒரு வட்டம், ஒரு குச்சி.
குச்சி இந்தப் பக்கம் நின்றால் ஓர் எழுத்து,
அந்தப் பக்கம் நின்றால் இன்னொன்று.
எழுத்து நேற்று வந்தது.
கண்ணுக்குப் பின்னால் குடியிருப்பதோ பழைய ஆள்,
அவனுக்கு இன்னும் யாரும் தகவல் சொல்லவில்லை.

பதினேழு வருஷம்.
எத்தனை சிவப்புப் பேனா.
ஓரத்தில் 'கவனம்' என்று எழுதி
அடியில் இரண்டு கோடு.
ஸுலேமாவின் நோட்டில் மூன்று கோடு போட்டேன்,
தாள் கிழிந்தது.
இப்போது கோழிப் பண்ணையில் முட்டை எண்ணுகிறாள்.
ஒன்றுகூடத் தவறுவதில்லையாம்.

திங்கள்.
பதினான்கு பிள்ளைகள், ஒரு விறகடுப்பு.
எவாரிஸ்தோவிடம் 'தேதோ' எழுதச் சொன்னேன்.
தேதோ என்றால் விரல்.
நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான்:
பெபோ.
பெபோ என்றால் குடிக்கிறேன்.
எழுத்து இரண்டும் திரும்பி நின்றன,
காற்றுக்கு முதுகு காட்டும் மாடுகள் மாதிரி.

பேனா பைக்குள்ளேயே கிடந்தது.
"உங்க மான்ச்சாவுக்கு வெள்ளைத் திட்டு எந்தப் பக்கம்?"
"இடப்பக்கம்."
"வலப்பக்கம் நின்று பார்த்தால்?"
"முழுக் கறுப்பு."
"அப்போ அது வேறு மாடா?"
அவன் என்னைப் பார்த்த பார்வையை
அந்த மண்டபத்துத் திரையில் போட்டிருக்க வேண்டும்.
"திரும்பினா மாடு மாறுமா, டீச்சர்?"

"இந்த நோட்டுக்குள் மட்டும் மாறும்."
"ஏன்?"
"யாரோ அப்படி முடிவு செய்தார்கள்."
"யாரு?"
இடைவேளை மணி என்னைக் காப்பாற்றியது.

தச்சர் ஒலேகாரியோவிடம் உப்புத்தாள் வாங்கி
எழுத்தெழுத்தாக வெட்டி ஒட்டினேன்.
கண்ணை மூடு, விரலை ஓட்டு, வாயால் சொல்.
கண் ஏமாறும் இடத்தில்
கை நினைவில் வைத்துக்கொள்ளுமாம்.
'ஆம்' என்றுதான் சொல்கிறேன், 'ம்' என்று அல்ல.
அவள் படங்களில் இருந்த பிள்ளைகள் நகரத்துப் பிள்ளைகள்,
தலையில் கம்பித் தொப்பியோடு
ஆடாமல் உட்காரத் தெரிந்தவர்கள்.

தூக்கமும் பாடம்தான் என்றாள்.
பகலில் படித்தது ராத்திரியில்தான் படியும் என்றாள்.
சரி.
இவன் நாலரைக்கு எழுந்து பால் கறக்கிறான்.
மான்ச்சாவிடம் யார் பேசுவது?

வாசிப்பைப் பத்து மணிக்குத் தள்ளிவைத்தேன்.
அவன் பெஞ்சை அடுப்புப் பக்கம் இழுத்துப் போட்டேன்.
முதல் பாடத்தில் தலை கவிழ்ந்தால்
மீதிப் பதின்மூன்று பேரும் நானும்
கிசுகிசுத்துக் கூட்டல் போடுகிறோம்.
வந்த மேற்பார்வையாளர்
பேனாவால் அவனைச் சுட்டினார்.
"வேலையாக இருக்கிறான்" என்றேன்.
எழுதிக்கொண்டார். என்னவென்று தெரியாது.

அக்டோபரில் தேதோ நேராக நின்றது,
மூன்று வாரம்.
நவம்பரில் ஒருநாள், புல்வெட்டு நாளுக்கு மறுநாள்,
மறுபடியும் பெபோ.
பழைய ஆள் வீட்டைக் காலி செய்யவில்லை.
செய்யவும் வேண்டாம், சிறுத்தை வந்தால் என்ன செய்வது.

எழுந்து போய்
ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து
அவன் மேசையில் வைத்தேன்.
டம்ளரைப் பார்த்தான். நோட்டைப் பார்த்தான்.
கடைசிச் சொட்டுவரை குடித்தான்.
புறங்கையால் வாயைத் துடைத்துவிட்டு
ரப்பரைத் தேடினான்.